நிலுவையில் பத்தொன்பது கடிதங்கள்

கொட்டகலையில் பஸ் ஏறும்போதுகூட நான் வரிசையை மீறியதில்லை. பின்னால் நிற்பவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னே போவார்கள். நான் என் இடத்திலேயே நிற்பேன். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸில் போவேன். இந்தக் கடைவீதியில் யாரிடம் என்னைப் பற்றிக் கேட்டாலும் சிவராசா சேர் ஒழுங்கானவர் என்றுதான் சொல்வார்கள். ஆகவே, நிலையத்தின் மின்னஞ்சல் சேவரைக் கழற்றிக்கொண்டு போகக் கொழும்பிலிருந்து வந்த நீங்கள், அதற்குள் 'நிலுவை' என்ற கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டு இது என்ன என்று குரலை உயர்த்தியபோது எனக்குச் சங்கடமாக இருந்ததே ஒழியப் பயமாக இருக்கவில்லை. உட்காருங்கள். கதிரையின் கால் ஒன்று ஆடும், சுவரோடு சாய்த்துப் போடுங்கள். முறைப்படி தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து, அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் கணித ஆசிரியராக இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்தொன்றில் உங்கள் நிறுவனம் இந்தக் கணினி நிலையத்தைத் திறந்தபோது சேவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ஊர்மிளா மிஸ்தான் அப்போது நிலையப் பொறுப்பாளர். என்னைக் கேட்டார், ஒப்புக்கொண்டேன். மின்னஞ்சல் எப்படிப் போக வேண்டும், எப்படி வர வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவான விதிகள் இருக்கின்றன. அவற்றை அச்செடுத்து, கோவையில் போட்டு, ஆறு மாதம் வேதம் போலப் படித்தேன். நான் அமைத்த சேவர் அந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

நிலையத்தின் நோக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஒபிசுக்குத்தான் வரும். அங்கே இருக்கிற கிளாக்கர் நினைத்தால் கொடுப்பார், மறந்தால் மேசைக்குள் கிடக்கும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கைக்கு வரும். இப்படி வேலை போன பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். அதனால் எட்டுத் தோட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ தோட்டத்துக்கொரு பழைய கணினியை வைத்து, குடும்பத்துக்கு ஒரு மின்னஞ்சல் பெயர் கொடுத்து, வருகிற கடிதத்தை அச்செடுத்துக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடும்போது அவரவர் கையிலேயே கொடுப்பது என்று ஏற்பாடு. நல்ல யோசனை. என்னுடைய யோசனை அல்ல, திலக்ஷனுடையது. நான் இதை ஒருநாளும் மறைத்ததில்லை.

திலக்ஷன் டயகமவில் கொழுந்துச் சாக்குத் தூக்கிய செல்லசாமியின் மகன். அப்போது இருபத்துமூன்று வயது. நிலையத்துக்குப் படிக்க வந்தவன் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டான். ஒரு பிளொப்பித் தட்டில் அடங்குகிற மாதிரி மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றை அவனே எழுதினான். தமிழில் அடிக்கலாம், ஓட்டைக் கணினியிலும் ஓடும், கடிதம் போனால் பச்சை விளக்கு, போகாவிட்டால் சிவப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும். சனங்கள் அதைத் 'திலக்ஷன் தபால்' என்று கூப்பிட்டார்கள். அந்தக் கடிதங்கள் அத்தனையும் என் சேவர் வழியாகத்தான் போயின. சேவருக்கு ஒருவரும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

அவனுடைய மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. தட்டச்சுப் பொறி பார்த்திருப்பீர்கள். ஒரு வரி முடிந்தால் வண்டியை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், தாளையும் ஒரு வரி மேலே ஏற்ற வேண்டும். இரண்டு வேலை. மின்னஞ்சலிலும் அப்படித்தான், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வர வேண்டும் என்பது விதி. திலக்ஷனின் மென்பொருள் ஒரு குறியை மட்டும் போட்டது. பல சேவர்கள் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். என்னுடையது விடவில்லை. கடிதத்தை வாசலிலேயே மறித்து, இன்ன வரியில் இன்ன பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. முதல் கிழமையே எட்டுத் தோட்டத்திலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

திலக்ஷன் என் மேசைக்கு வந்தான்.

"சேர், ஒங்க சேவர்ல ஒரு எடத்துல மாத்துனா போதும். நான் எட்டுத் தோட்டத்துக்கும் பஸ் ஏறிப் போயி ஒவ்வொரு மிசினா மாத்தணும். பிளொப்பிய வேற ஆளாளுக்குக் கொப்பி பண்ணி வச்சிருக்காங்க."

"தம்பி, பிழையான கடிதத்தை நான் வாங்கினா, பிழை உம்மட எண்டு உமக்கு எப்ப தெரியவரும்? இண்டைக்கு நான் விட்டுக்கொடுப்பன். நாளைக்கு வேற சேவர் விடாது. அப்ப என்ன செய்வீர்?"

"அது அப்ப பாத்துக்கலாம் சேர். இப்ப சனம் சிவப்பப் பாத்துப் பயப்படுதுல்ல."

நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வட்டகொடையில் நாகலெட்சுமி என்ற பிள்ளை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியபோது சிவப்பு எரிந்தது. போகவில்லை என்று தெரிந்ததும் அவள் அடுத்த பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போய்க் கையிலேயே கொடுத்தாள், வேலையும் கிடைத்தது. மறுப்பதுதான் நேர்மை. மறுக்கப்பட்டவனுக்கு வேறு வழி தேட நேரம் இருக்கும்.

ஊர்மிளா மிஸ் இதைக் கேட்கவில்லை. அவரும் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து ஆள்தான், ஆனாலும் அவனுடைய கட்சி. "சிவராசா, விதி சனத்துக்காகத்தானே? நீங்கள் கொஞ்சம் இறங்கி வாங்கோ," என்றார். எழுத்தில் உத்தரவு தாருங்கள் என்றேன், தந்தார். நான் இறங்கி வந்தேன். எட்டுத் தோட்டத்துக் கணினிகளையும் ஒரு பட்டியலில் சேர்த்து, அவற்றிலிருந்து பிழையாக வரும் கடிதத்தைச் சேவர் வாங்கிக்கொண்டு, குறியைத் தானே திருத்தி, உரிய பெட்டியில் போடும்படி செய்தேன். பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தால் அதையும் வாங்கி, நான் பார்த்துத் திருத்தி அனுப்பும்வரை ஒதுக்கி வைப்பதற்கு ஒரு கோப்புறை. அதுதான் நிலுவை. குப்பைக் கடிதங்கள் உள்ளே வந்துவிடக் கூடாதே என்பதற்காகச் செய்தது. ஊர்மிளா மிஸ்ஸிடம் காட்டினேன், மிகவும் நல்லது என்றார். எட்டுத் தோட்டத்திலும் பச்சை எரிந்தது. பிழையைத் திருத்த வேண்டிய அவசியம் திலக்ஷனுக்கு அன்றோடு போய்விட்டது. அவன் திருத்தவே இல்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு வட்டகொடையில் ஒரு விழா வைத்தார்கள். திலக்ஷனை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். ஒரு கிழவி அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். எனக்கு இரண்டாம் வரிசையில் ஒரு கதிரையும், பாலில்லாத தேநீரும் கிடைத்தன. அவனுடைய பிழை ஒவ்வொன்றையும் இரவு பகலாகத் திருத்திக்கொண்டிருந்தது என் சேவர் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பொறாமைதான், அதை ஒளிப்பதற்கு நான் சின்னப்பிள்ளை அல்ல. ஆனால் நடந்ததற்கும் பொறாமைக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கிருஷாந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் வரும்போது வாசலில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான். கொட்டகலைத் தோட்டத்துப் பிள்ளை. நிலையம் திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். தனியாள் என்ன சமைப்பார் என்று எனக்கும் சேர்த்து மத்தியானத்துக்கு ரொட்டி கொண்டுவருவாள். இரண்டு வருடம் கொண்டுவந்தாள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, ஆனால் ஆசைக்கு வயது தெரியுமா? முறைப்படி அவள் தாயிடம் ஆள் அனுப்பலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ரொட்டி மூன்று பொட்டலமாயிற்று. ஒருநாள் இருவரும் வெளியே போயிருந்தபோது திலக்ஷனின் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் ரொட்டியில் தேங்காய்ப்பூ மட்டும் இருந்தது. அவனுடையதில் தேங்காய்ப்பூவோடு கரட், லீக்ஸ், பச்சைமிளகாய் எல்லாம் பொடியாய் நறுக்கிப் போட்டிருந்தது, உறைப்பான கட்டசம்பலும் தனியாக. பழையபடி மடித்து வைத்துவிட்டு என்னுடையதைச் சாப்பிட்டேன்.

இரண்டாயிரத்தைந்து தை மாதம் திலக்ஷன் வளைகுடாவுக்குப் போனான். கிருஷாந்தியைக் கல்யாணம் செய்வதற்கு முன் லயத்தை விட்டு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அவனுக்கு. கணினி வேலை என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை இந்த அலமாரியில் வைத்துவிட்டு, தன் மென்பொருள் பிளொப்பியை எடுத்துக்கொண்டு போனான். வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சல் பெட்டியை மூட வேண்டும் என்பது நிலைய விதி, மூடினேன். அங்கே போய்ப் புது முகவரி எடுத்து, அதிலிருந்து முதல் கடிதம் எழுதுவதாகக் கிருஷாந்தியிடம் சொல்லியிருந்தான். டயகம லயத்தில் தொலைபேசி இல்லை. நிலையத்தின் ஒரே தொலைபேசி இணைப்பும் பகல் முழுவதும் சேவருக்கே போய்விடும், வெளியிலிருந்து எடுத்தால் கிடைக்காது.

முதல் கடிதம் மாசி பதினான்காம் திகதி வந்தது. கிருஷாந்திக்கு. வேலைத்தளத்துக் களஞ்சிய அறையில் ஒரு கணினி இருந்திருக்கிறது, அதில் தன் பிளொப்பியைப் போட்டு எழுதியிருக்கிறான். வரிக்கு வரி ஒரே குறி. பட்டியலில் இல்லாத இடம். ஆகவே என் சேவர் விதித்தபடி அதை வாங்கிக்கொண்டு நிலுவையில் போட்டது. இதில் என் கை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சேவர் கடிதத்தை வாங்கும்போது, வாங்கிவிட்டேன், இனி இது என் பொறுப்பு என்று பதில் சொல்லும். வாங்கியதை உரியவரிடம் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும், இரண்டுமில்லாமல் வைத்திருக்கக் கூடாது. அதுவும் அந்தக் கோவையில் உள்ளதுதான், எனக்குத் தெரியாததல்ல. அங்கே அவனுக்குப் பச்சை எரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். பார்க்காமல் எப்படித் திருத்துவது? முதல் இரண்டிலும் புது முகவரி, வெயில், சாப்பாடு, உன் ரொட்டி ஞாபகம் என்று இருந்தது. மூன்றாவதில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தான். கணினி வேலை இல்லையாம், இரும்புத் தகடு சுமக்கிற வேலையாம். பங்குனி கடைசியில் தகடு ஒன்று சரிந்து இடது காலைப் பிளந்துவிட்டது. வைத்தியசாலைக்குப் போகக் காகிதம் இல்லை. சித்திரையில் காயம் நாறுகிறது என்று எழுதினான். வைகாசியில் கால் கறுத்துவிட்டது என்று எழுதினான். ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றையே கேட்டான்: அலமாரியில் இருக்கும் ஒப்பந்த நகலைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் தூதரகத்து ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள்.

பதினேழு கடிதங்கள் கிருஷாந்திக்கு. ஒன்று செல்லசாமிக்கு. கடைசிக் கடிதம் எனக்கு. அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

"சேர், கிருஷாந்திக்கு எம்மேல என்னா கோவம்னு தெரியல. எல்லாக் கடுதாசியும் போய்ச் சேந்துச்சுன்னு பச்சை காட்டுது. சிவப்பு எரிஞ்சிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேன். படிச்சிட்டுப் பதில் போடலன்னா நான் வேணாம்னுதானே அர்த்தம். பரவால்ல சேர். நீங்க ஒழுங்கான ஆளு. அந்த ஒப்பந்தத்த மட்டும் கொழும்புக்கு அனுப்பி வைங்க. என்னால இனிமே இந்த ரூமுக்கு நடந்து வர முடியாது."

நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது தட்டில் வேறு தாள்களோடு கலந்து கிடந்தது. தூசு தட்டி, ஒப்பந்தங்களுக்கு உரிய கோவையில் திகதி வரிசைப்படி செருகி வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஆடி மாதம் பெட்டியில் வந்தான். டயகமவுக்கு நானும் போனேன். வெள்ளைக் கொடி கட்டியிருந்த லயத்து முற்றத்தில் செல்லசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆறு மாசமா ஒரு கடுதாசி இல்ல சேர். புள்ளைக்கு எங்க நெனப்பே அத்துப்போச்சேன்னு தெனம் வஞ்சுக்கிட்டு இருந்தேன். இப்பிடி வந்து கெடக்கான். நீங்களாச்சும் வந்தீங்களே."

எடுப்பதற்குமுன் அவர் மயங்கி விழுந்துவிட்டார். நான்தான் தண்ணீர் தெளித்து, தோளில் சாய்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு விஷயம் வெளியே வந்தது. திலக்ஷன் முத்திரை ஒட்டித் தகப்பனுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறான். அது ஆறு வாரமாகத் தோட்ட ஒபிசில் கிளாக்கரின் மேசைக்குள் கிடந்திருக்கிறது. சாவு வீட்டுக்கு வந்த இடத்தில் ஞாபகம் வந்து கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாழ்க்கையில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

"பிறத்தியாற்ற கடிதத்தை வாங்கி வச்சுக்கொண்டு பேசாமல் இருக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது? நீர் ஒரு மனிசனா?"

லயமே திரண்டு நின்று கேட்டது. பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு போனார். கிருஷாந்தி சுவரோரம் அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி நன்றியோடு அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மனதிலிருந்து சொல்கிறேன், அந்த ஒபிஸ்காரரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. கிருஷாந்தி இப்போது கொஞ்சம் தேறி வருகிறாள். போன மாதத்திலிருந்து மறுபடியும் எனக்கு ரொட்டி கொண்டுவருகிறாள். இரண்டு பொட்டலம்தான். வருகிற சித்திரைக்குப் பிறகு அவள் தாயிடம் பேசலாம் என்றிருக்கிறேன். இந்த நேரத்தில் அந்தக் கடிதங்களைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். அவளுடைய நன்மைக்காகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யுங்கள். தன்னை மறந்துவிட்டான் என்று நினைத்து ஒருவாறு மனதை ஆற்றிக்கொண்டவள். அவன் சாகும்வரை தன் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் வேறொருவரை ஏறெடுத்துப் பார்ப்பாளா?

பிழையான கடிதங்களை எப்படிக் கொடுப்பது, அதனால்தான் நிறுத்தி வைத்தேன் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். நான் பொய் சொல்கிறவன் அல்ல. முதல் கடிதம் வந்த அன்றைக்கே, பின்னேரம் நான்கு மணிக்குள், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விடுபட்ட குறியை என் கையாலேயே போட்டு முடித்துவிட்டேன். அனுப்புவதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். அப்போதுதான் கிருஷாந்தி என் மேசைக்கு வந்து, "சேர், அவருகிட்டருந்து கடுதாசி ஏதும் வந்துச்சா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அந்த முகம் எப்படி மலர்ந்திருந்தது தெரியுமா? எனக்காக ஒருநாளும் அது அப்படி மலர்ந்ததில்லை. "இல்லைப் பிள்ளை," என்றேன். அதற்குப் பிறகு வந்த பதினெட்டையும் வந்த அன்றன்றே திருத்தி, அதே இடத்தில் வைத்தேன்.

ஆகவே அந்தக் கோப்புறையைப் பிழைகளின் குப்பை என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பத்தொன்பது கடிதங்களும் விதிப்படி சரியாக இருக்கின்றன. சந்தேகம் என்றால் நீங்களே திறந்து பாருங்கள், ஒரு வரியில்கூடப் பிழை இருக்காது.